மூன்று மாத சுகர்: எச்பிஏ1சி பரிசோதனையை எடுப்பதும் படிப்பதும்

லேப் ரிப்போர்ட்டில் எச்பிஏ1சி என்று போட்டு, பக்கத்தில் 7.4 என்றோ 8.9 என்றோ ஓர் எண் இருக்கும். 'மூணு மாச சுகர்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் பாஸ்டிங் சுகர், முந்தின இரவு என்ன சாப்பிட்டீர்கள், சரியாகத் தூங்கினீர்களா, காய்ச்சல் இருந்ததா என்பதற்கெல்லாம் ஏறி இறங்கும். எச்பிஏ1சி அப்படி ஆடாது. மருந்தைக் கூட்டவும் குறைக்கவும் மருத்துவர்கள் இதைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். ஆனால் இந்தப் பரிசோதனை சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்களைச் சாட்சியாக வைத்து அளக்கிறது. சாட்சியில் கோளாறு இருந்தால் எண்ணும் தவறிவிடும். இதை மறந்துவிட்டு ரிப்போர்ட்டைப் படிப்பதால்தான் தேவையில்லாமல் மாத்திரை கூடுவதும், தேவையான மாத்திரை தள்ளிப்போவதும் நடக்கிறது.

சிவப்பணு எப்படிக் கணக்கு வைத்திருக்கிறது

ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் சிவப்பணுவுக்குள்ளும் புகுந்து வரும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது அந்த அணு அழியும்வரை கழலாது. மஞ்சள் தண்ணீரில் போட்ட வெள்ளை நூலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் எவ்வளவு மஞ்சள் இருக்கிறது, நூல் எவ்வளவு நேரம் ஊறியது என்ற இரண்டும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கும். சிவப்பணுவுக்கு ஊறும் நேரம் ஏறக்குறைய 120 நாள், அதுதான் அதன் ஆயுள். மொத்த ஹீமோகுளோபினில் இப்படிச் சர்க்கரை ஒட்டிய பங்கு எத்தனை சதவீதம் என்பதே எச்பிஏ1சி. சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வகை ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதை 1968-இல் டெஹ்ரானில் சாமுவேல் ராபர் கண்டு எழுதினார்.

'மூன்று மாத சராசரி' என்பது பாதி உண்மைதான். உடம்பில் எப்போதும் பழைய அணு, புது அணு எல்லாம் கலந்தே இருக்கும். அதனால் கடைசி 30 நாள்தான் எண்ணில் ஏறக்குறைய பாதியைத் தீர்மானிக்கிறது. அதற்கு முந்தின 30 நாள் கால் பங்கு. அதற்கும் முந்தின இரண்டு மாதம் சேர்ந்து மீதிக் கால் பங்கு. ஒருவருக்கு 10% இருந்து, இன்றிலிருந்தே சர்க்கரை 7%-க்கு உரிய அளவுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 8.5 வாக்கில் இருக்கும். இரண்டு மாதத்தில் 7.8. நான்காம் மாதம்தான் 7-ஐத் தொடும். மருந்து மாற்றிய நாலாவது வாரமே பரிசோதித்துவிட்டு 'இந்த மாத்திரை கேட்கவில்லை' என்று முடிவு கட்டுவது அந்த மாத்திரைக்குச் செய்யும் அநியாயம்.

பரிசோதனைக்கு முன் பத்து நாள் மட்டும் வாயைக் கட்டுவதும் இதே கணக்கில் அடிபடும். எண் சற்று இறங்கும், ஆனால் பழைய மாதங்கள் மறையாது. அந்தச் சின்ன இறக்கத்தை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டாமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். வழக்கமாகச் சாப்பிடுவது போலவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

ரத்தம் கொடுக்கும்போது

வெறும் வயிறு தேவையில்லை. காலை, மதியம், மாலை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். பாஸ்டிங் சுகரும் கொழுப்பும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் மட்டும், ஒரே குத்தில் முடித்துக்கொள்ள வெறும் வயிற்றில் போங்கள்.

கைநரம்பில் 2 மி.லி. ரத்தம் எடுப்பார்கள். எச்பிஏ1சிக்கு ஊதா மூடி போட்ட குழாய். அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ இருக்கும். சாம்பல் மூடிக் குழாய் பாஸ்டிங், சாப்பாட்டுக்குப் பின் சுகர் ஆகியவற்றுக்கு. ஊதாக் குழாயில் ரத்தம் விழுந்ததும் எட்டு முதல் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. கவிழ்க்காமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டால் அடியில் கட்டி விழும், மாதிரி வீணாகும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவராக இருந்தால் ஐஸ் பெட்டி கொண்டுவந்திருக்கிறாரா என்று பாருங்கள். சாதாரணக் குழாயில் நிற்கும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7% வரை குறைந்துகொண்டே போகும். எச்பிஏ1சிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2 முதல் 8 டிகிரி குளிரில் ஒரு வாரம் வரை தாங்கும். கோடை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் தாங்காது.

ரத்தம் எடுப்பவரிடமோ மருத்துவரிடமோ இவற்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டீர்களா, அல்லது ரத்த தானம் செய்தீர்களா, இரும்புச்சத்து மாத்திரை எப்போது தொடங்கினீர்கள், டயாலிசிஸ் நடக்கிறதா, கர்ப்பமா, வீட்டில் யாருக்காவது தலசீமியா, சிக்கிள் செல் போன்ற ரத்தக் கோளாறு உண்டா. இவை ரிப்போர்ட்டின் எண்ணையே புரட்டிவிடக்கூடியவை.

ரிப்போர்ட் வந்ததும் எண்ணுக்குக் கீழே 'முறை' என்று இருக்கும் சின்ன எழுத்து வரியைத் தேடுங்கள். எச்பிஎல்சி என்றோ, கேபிலரி எலக்ட்ரோபோரசிஸ் என்றோ, இம்யூனோ முறை என்றோ இருக்கும். என்ஜிஎஸ்பி (எச்பிஏ1சி அளக்கும் முறைகளைச் சரிபார்க்கும் அமெரிக்கத் திட்டம்) தரச்சான்று பெற்ற முறை என்று போட்டிருந்தால் நல்லது. எச்பிஎல்சி ரிப்போர்ட்டில் பல லேப்கள் ஒரு வரைபடமும் சேர்த்துத் தரும். அதில் வழக்கமான சிகரங்கள் தவிர வேறொரு சிகரம் இருப்பதாகக் குறித்திருந்தால், அந்தத் தாளை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள். எண்ணைவிட முக்கியமான சேதி அங்கே இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுப்பது நல்லது. நல்ல லேபிலும் 7.0 என்று வந்தது இன்னொரு தடவை 6.8 என்றோ 7.2 என்றோ வரலாம். 0.2-க்காக மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம். 0.5 மாறினால் உண்மையிலேயே ஏதோ மாறியிருக்கிறது.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஐந்தாறு நிமிடத்தில் எச்பிஏ1சி சொல்லும் சின்னக் கருவிகள் முகாம்களில் இருக்கும். ஏற்கெனவே நோய் உள்ளவர் நிலவரம் பார்க்க அவை உதவும். நோய் இருக்கிறதா இல்லையா என்று முதல்முறை தீர்மானிக்க லேபுக்கே போங்கள்.

எண்ணைப் படிப்பது

5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். உலக சுகாதார நிறுவனமும் 2011-இல் 6.5-ஐ நோயறியும் எல்லையாக ஏற்றது. அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு போன்ற அறிகுறிகள் எதுவும் இல்லாதவருக்கு 6.6 வந்தால், ஒரே ரிப்போர்ட்டை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு எச்பிஏ1சியோ, பாஸ்டிங் சுகரோ (126-உம் மேலும்) அதை உறுதிசெய்ய வேண்டும்.

வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரின் தினசரி எண்ணோடு ஒப்பிட வேண்டுமானால் ஒரு சுலபக் கணக்கு உண்டு. 7% என்றால் சராசரி சர்க்கரை ஏறக்குறைய 154 மி.கி. மேலே ஒவ்வொரு 1%-க்கும் ஏறக்குறைய 29 கூட்டுங்கள், கீழே போனால் 29 கழியுங்கள். 6% என்றால் 126 வரும். 8%-க்கு 183, 9%-க்கு 212, 10%-க்கு 240. பிரிட்டனில் இருக்கும் உறவினர் தன் எச்பிஏ1சி 53 என்று சொன்னால் பதற வேண்டாம். அங்கே அலகு வேறு. 48 என்பது நம் 6.5%, 53 என்பது 7%, 64 என்பது 8%, 75 என்பது 9%.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலான பெரியவர்களுக்கு 7-க்குக் கீழே. புதிதாக நோய் வந்த, லோ சுகர் (சர்க்கரை மிகவும் தாழ்வது) ஆகாத இளம் வயதினர் 6.5-க்கு முயலலாம். இதயம், சிறுநீரகம் எல்லாம் பழுதான, நினைவு தடுமாறும் எண்பது வயதுக்காரருக்கு 8 வரை இருக்கலாம். இந்த வேறுபாட்டுக்கு வலுவான காரணம் இருக்கிறது. 1993-இல் வெளிவந்த டிசிசிடி ஆய்வில், முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளில் எச்பிஏ1சியை 9-லிருந்து 7 வாக்கில் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு புதிதாக வருவது 76% குறைந்தது. பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வும் 1998-இல் இரண்டாம் வகைக்கு இதே திசையைக் காட்டியது. ஆனால் 2008-இல் அக்கார்டு என்ற அமெரிக்க ஆய்வில், பல ஆண்டு நோயும் இதய ஆபத்தும் உள்ளவர்களை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்தபோது மரணம் கூடியது. அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு 6.2 என்பதால் உங்கள் அப்பாவுக்கும் 6.2 வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டக் கேட்காதீர்கள்.

சராசரிக்குள் ஒளியும் தாழ்வு

நாள் முழுக்க 130-க்கும் 180-க்கும் இடையே நடமாடுபவருக்கும் 154 சராசரி வரும். விடியற்காலை 50, மதியச் சாப்பாட்டுக்குப் பின் 290 என்று ஊஞ்சலாடுபவருக்கும் 154 வரலாம். ரிப்போர்ட்டில் இருவருக்கும் 7.0. இரண்டாமவரின் ஆபத்தை அந்த எண் சொல்லவே சொல்லாது.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும், அதிலும் வயதானவர்கள். இரவில் பனியன் நனைய வியர்ப்பது, காலையில் தலைவலி, கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இரவில் லோ ஆவதன் அடையாளமாக இருக்கலாம். இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு எழுந்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரையும் வெல்லமும் உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அவற்றை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. அவர்கள் குளுக்கோஸ் பவுடர் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

மீட்டரும் லேபும் ஒத்துவராதபோது

குழப்பம் மிகுதியாக வருவது இங்கேதான். வீட்டில் பாஸ்டிங் எப்போதும் 110, ஆனால் எச்பிஏ1சி 8.4 என்று வரும். மீட்டர் பொய்யா, லேப் பொய்யா என்ற சண்டைக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏழு நாள், நாளுக்கு ஐந்து முறை: காலை வெறும் வயிறு, காலை உணவு தொடங்கி 2 மணி நேரம், மதிய உணவுக்கு முன், மதிய உணவு தொடங்கி 2 மணி நேரம், இரவு உணவு தொடங்கி 2 மணி நேரம். இரண்டு மணி நேரத்தை முதல் வாய் எடுத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. 35 எண்களையும் கூட்டி 35-ஆல் வகுத்தால் உங்கள் சராசரி வந்துவிடும். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய கையில் 200-க்கு மேலே காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள், காலாவதி தேதியையும் பாருங்கள். சரியாக இயங்கும் மீட்டருக்கே ஏறக்குறைய 15% மேலே கீழே ஆட அனுமதி உண்டு.

இந்தச் சராசரி, எச்பிஏ1சி காட்டும் சராசரியிலிருந்து 30 மி.கி.க்கு மேல் விலகினால் காரணம் தேட வேண்டும்.

லேப் எண் கூடுதலாகவும் மீட்டர் குறைவாகவும் இருந்தால் முதல் சந்தேகம், பாஸ்டிங் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது. இட்லி, தோசை, சோறு என்று மூன்று வேளையும் மாவுச்சத்து சாப்பிடும் நமக்குச் சாப்பாட்டுக்குப் பின்தான் சர்க்கரை குதிக்கும். எண் 7.3-க்குக் கீழே உள்ளவர்களுக்கு உயர்வில் பெரும்பங்கு சாப்பாட்டுக்குப் பின் வருவது. 10-ஐத் தாண்டியவர்களுக்குப் பாஸ்டிங்தான் பெரும்பங்கு. எனவே 10 இருப்பவர் இரவு மருந்து, இரவு உணவு பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். 7.3-இல் நின்றுபோய் இறங்காதவர் மதியச் சோற்றின் அளவைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தவரின் சிவப்பணு வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் வாழும், கூடுதல் நாள் ஊறும். சர்க்கரை கூடாமலே எண் கூடிவிடும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு காட்டியிருக்கிறது. ஹீமோகுளோபின் 8.5 உள்ள பெண்ணுக்கு எச்பிஏ1சி 6.6 வந்து, பாஸ்டிங் 94, சாப்பாட்டுக்குப் பின் 130 என்றால், அவருக்கு உடனே சர்க்கரை மாத்திரை தொடங்குவதற்கு முன் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: இரும்பு மாத்திரை தொடங்கியதும் புத்தம்புது அணுக்கள் வந்து குவியும், அவை இன்னும் ஊறாதவை. எண் பொய்யாக இறங்கும். ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்து மூன்று நான்கு மாதம் கழித்து எடுக்கும் எண்ணையே நம்பலாம். பி12, ஃபோலிக் அமிலக் குறைவும் எண்ணை உயர்த்தும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிட்டவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லேப் எண் குறைவாகவும் மீட்டர் கூடுதலாகவும் இருந்தால், சிவப்பணு சீக்கிரம் அழிகிறது அல்லது வெளியேறிவிட்டது என்று பொருள். ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிவப்பணு உற்பத்தியைக் கூட்டப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி, கல்லீரல் சுருக்கம், மண்ணீரல் வீக்கம், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைச் சுலபமாக உடையவைக்கும் பிறவிக் குறை), தொழுநோய்க்கும் தோல் நோய்க்கும் கொடுக்கும் டாப்சோன் எல்லாம் இந்த வகை. இதுதான் மோசமான தவறு. 'எண் 6.5 தானே' என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், உள்ளே சர்க்கரை 220 ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பிறவியிலேயே ஹீமோகுளோபின் வேறு வகையாக இருப்பது. இந்தியாவில் சிக்கிள் செல் ஹீமோகுளோபின் முதன்முதலில் 1952-இல் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். நீலகிரி மலைவாசிகளுக்கு எச்பிஏ1சி பார்க்கும் மருத்துவமனைகள் இதை நினைவில் வைப்பது நல்லது. வங்காளம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து இங்கே வந்து வேலை செய்பவர்களிடம் ஹீமோகுளோபின் ஈ என்ற இன்னொரு வகை பரவலாகக் காணப்படும். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் இது வந்திருந்தால், வகைக்கு ஏற்ற முறையில் அளந்து பயன்படுத்தலாம். இருவரிடமிருந்தும் வந்து சிக்கிள் செல் நோயாகவே இருந்தால் எச்பிஏ1சியை விட்டுவிட வேண்டும்.

அப்படிப்பட்டவர்களுக்கு மாற்று இருக்கிறது. ஃப்ரக்டோசமைன், கிளைகேட்டட் அல்புமின் என்ற பரிசோதனைகள் சிவப்பணுவைத் தொடாமல் ரத்தப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும். இரண்டு மூன்று வார நிலவரம் தெரியும். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறவர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் இவையும் தவறும். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்க, கையில் ஒட்டும் சென்சார் 14 நாளில் 70%-க்கு மேல் பதிவு தந்தால் அதன் சராசரியை நம்பலாம். அதில் சராசரியோடு, 70 முதல் 180-க்குள் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலோருக்கு நாளில் 70%-க்கு மேல் இந்த வட்டத்துக்குள்ளும், 70-க்குக் கீழே 4%-க்கும் குறைவாகவும் இருக்க வேண்டும்.

எப்போது எடுப்பது, எப்போது வேண்டாம்

நிலவரம் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை போதும். மருந்து மாறினாலோ, எண் இலக்கில் இல்லாவிட்டாலோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மாதாமாதம் எடுப்பது காசுக்குக் கேடு.

கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க இது உதவாது. அப்போது சிவப்பணு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால் எண் தாழ்ந்தே நிற்கும். அதற்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்து 2 மணி நேரத்தில் பார்க்கும் பரிசோதனைதான்; 140-உம் அதற்கு மேலும் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த முறை அது.

குழந்தையோ இளைஞரோ சில நாளாகத் தண்ணீராகக் குடித்து, இளைத்து, வாந்தி எடுத்தால் எச்பிஏ1சிக்காகக் காத்திருக்கவே கூடாது. சர்க்கரை வேகமாக ஏறியிருக்கும்போது அந்த எண் இன்னும் ஏறியிருக்காது. உடனே மீட்டரில் பார்த்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போட்டு வையுங்கள்: தேதியும் எச்பிஏ1சியும், அன்றைய ஹீமோகுளோபின் அளவு, அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் மாறிய மருந்து, அந்தக் காலத்தில் எத்தனை முறை லோ ஆனது. ஹீமோகுளோபின் கட்டத்தைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. 7.1 என்பது 7.9 ஆனது சர்க்கரை கூடியதாலா, அல்லது ஹீமோகுளோபின் 12-லிருந்து 9-க்கு இறங்கியதாலா என்று மருத்துவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வது அந்தக் கட்டத்தால்தான்.

எண் 10-க்கு மேல் இருந்து, புதிதாக இன்சுலினோ வீரியமான மருந்தோ தொடங்கி வேகமாக இறக்கப் போகிறீர்கள் என்றால், தொடங்குவதற்கு முன் கண் மருத்துவரிடம் சொட்டு மருந்தால் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களுக்குச் சர்க்கரை திடீரென இறங்கும்போது முதல் சில மாதம் அது கூடுவது உண்டு. அதற்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. இறக்கும் வேகத்தை இரு மருத்துவர்களும் பேசி வைத்து, அந்த மாதங்களில் கண்ணை அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும்.